பாதிப் பெட்டியில் சீட்டைக் கலைத்தால் அது ஏமாற்றா?

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "நண்பர்களோடு கோவா போயிருந்தோம். மாண்டவி ஆற்றில் நிற்கும் ஒரு கேசினோ கப்பலில் பிளாக்ஜாக் என்ற சீட்டாட்டம் ஆடினேன். நான் ஜெயிக்க ஆரம்பித்ததும் சீட்டுப் போடும் டீலரை மாற்றினார்கள். அப்புறம் பெட்டியில் பாதிச் சீட்டு இருக்கும்போதே எல்லாவற்றையும் எடுத்துக் கலைத்துப் போட்டார்கள். முதல் இரண்டு சீட்டிலேயே 21 சேர்ந்து எனக்கு பிளாக்ஜாக் விழுந்தபோது 500 ரூபாய்க்கு 600தான் கொடுத்தார்கள். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மச்சான் 750 வந்திருக்கணும் என்கிறார். என்னை ஏமாற்றிவிட்டார்களா சார்? நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா?"

முதல் இரண்டும் ஏமாற்று இல்லை. மூன்றாவதில்தான் உங்கள் காசு போயிருக்கிறது. அதுவும் பெரும்பாலும் மேசைத் துணியிலேயே அச்சடித்திருந்த விதிப்படிதான் போயிருக்கும், நீங்கள் படித்திருக்க மாட்டீர்கள், அவ்வளவுதான்.

டீலரை மாற்றுவது எல்லா ஊரிலும் நடப்பதுதான். தொடர்ந்து சீட்டுப் போட்டுக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தால் தவறு வரும், ஒரே மேசையில் ஒரே ஆள் ரொம்ப நேரம் நின்றால் ஆடுகிறவரோடு கூட்டுச் சேரவும் வழி உண்டு, அதனால் சுழற்சி முறையில் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். நீங்கள் தோற்றுக்கொண்டிருந்தபோது நடந்த மாற்றம் உங்கள் நினைவில் நிற்காது, ஜெயிக்கும்போது நடந்ததுதான் நிற்கும். போகும்போது டீலர் கையைத் தட்டி உள்ளங்கையை விரித்துக் காட்டிவிட்டுப் போனாரா? அது உங்களுக்குச் செய்த மரியாதை இல்லை. பணத்துக்குப் பதில் வைத்து ஆடும் சில்லு எதையும் கையில் மறைத்து எடுத்துப் போகவில்லை என்று மேலே இருக்கும் கேமராவுக்குக் காட்டுவது. நோட்டை உங்கள் கையிலிருந்து வாங்காமல் மேசையில் வைக்கச் சொல்லி விரித்துக் காட்டுவதும் அதே காரணத்துக்காகத்தான். கேசினோ உங்களைச் சந்தேகப்படுவதைவிட தன் ஊழியரைத்தான் அதிகம் சந்தேகப்படும்.

அடுத்தது சீட்டைக் கலைத்தது. ஆறு அல்லது எட்டுக் கட்டுச் சீட்டை ஷூ என்ற பெட்டியில் போட்டு, நடுவில் எங்கோ ஒரு பிளாஸ்டிக் அட்டையைச் செருகி வைப்பார்கள். அது வந்துவிட்டால் கலைத்தாக வேண்டும். அதற்கு முன்பே கலைக்கும் உரிமையையும் பல இடங்களில் விதியிலேயே எழுதி வைத்திருப்பார்கள். காரணம், சீட்டு எண்ணுகிறவர்கள். சின்னச் சீட்டெல்லாம் போய், பெட்டியில் பத்துகளும் ஏஸ்களும் அதிகம் மிஞ்சினால் ஆடுகிறவர் கை ஓங்கும், அந்த நேரம் பார்த்துப் பந்தயத்தை ஏற்றுவார்கள். அமெரிக்காவில் கென் உஸ்டன் என்ற ஆட்டக்காரர் தொடுத்த வழக்கில், சீட்டு எண்ணுகிறார் என்பதற்காக ஒருவரை கேசினோ தன்னிச்சையாக வெளியே தள்ள முடியாது என்று நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் 1982இல் சொன்னது. ஆளை வெளியே அனுப்ப முடியாத இடத்தில் கேசினோவின் கையில் மிஞ்சும் ஆயுதம் முன்கூட்டியே கலைப்பதுதான். சரி, நீங்கள் எண்ணினீர்களா? இல்லையென்றால் அந்தக் கலைப்பால் உங்களுக்கு ஒரு பைசா லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. வரப்போகும் சீட்டு நல்லதா கெட்டதா என்பது கலைப்பதற்கு முன்பும் உங்களுக்குத் தெரியாது, பின்பும் தெரியாது.

இப்போது 600 ரூபாய்க்கு வருவோம், விஷயம் இங்கேதான் இருக்கிறது. பிளாக்ஜாக்குக்குப் பழைய வழக்கம் 2க்கு 3, அதாவது 500 வைத்தால் 750. உங்கள் மச்சான் சொன்னது அந்தக் கணக்கு. ஆனால் பல ஊர்களில் 5க்கு 6 தரும் மேசைகளும் வந்துவிட்டன, 500க்கு 600தான் கிடைக்கும். பார்க்க 150 ரூபாய் வித்தியாசம், எப்போதாவது ஒருமுறை விழுவதுதானே என்று தோன்றும். பிளாக்ஜாக் ஏறத்தாழ 21 கைக்கு, அதாவது 21 ஆட்டத்துக்கு, ஒருமுறை விழும். மணிக்கு 60 கை ஆடினால் மூன்று தடவை, ஆகக் கிட்டத்தட்ட 450 ரூபாய் ஒவ்வொரு மணி நேரமும் சத்தமில்லாமல் போகிறது. நல்ல விதி உள்ள மேசையில், எப்போது சீட்டு வாங்குவது எப்போது நிற்பது என்ற அட்டவணையைத் தெரிந்து ஆடுகிறவரிடம் கேசினோவுக்கு இருக்கும் சாதகம் சுமார் அரை சதவீதம், அதாவது 100 ரூபாய் பந்தயத்துக்குச் சராசரியாக 50 பைசா. இந்த ஒரு விதி மட்டும் அதோடு 1.4 சதவீதம் சேர்க்கிறது. அட்டவணை தெரியாமல் மனம் போன போக்கில் ஆடினால் இன்னும் கூடும். டீலருக்கு ஏஸ் விழுந்ததும் "இன்ஷூரன்ஸ் வேணுமா" என்று கேட்பார்களே, டீலருக்கு பிளாக்ஜாக் விழும் என்று தனியாக வைக்கும் பந்தயம் அது, அதில் சாதகம் ஏழு சதவீதத்துக்கு மேல். எனக்குக் கேட்டால் அதை வாங்கவே கூடாது.

நம்ம ஊரில் எல்லோருக்கும் தெரிந்த உள்ளே வெளியே ஆட்டத்தை கோவாவில் அந்தர் பாஹர் என்று மேசை போட்டு நடத்துகிறார்கள். முதல் சீட்டு எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம் ஜெயிக்க 51.5 சதவீதம் வாய்ப்பு. அதனால்தான் அந்தப் பக்கத்துக்கு 100க்கு 90 மட்டும் தருவது வழக்கம், மறுபக்கத்துக்கு 100க்கு 100. கணக்குப் போட்டால் முன்னதில் கேசினோவுக்கு 2.15, பின்னதில் 3 சதவீதம். சக்கரத்தில் பந்தை உருட்டும் ரவுலட்டில் ஒரு பூஜ்யம் இருந்தால் 2.7, இரண்டு பூஜ்யம் இருந்தால் 5.26. பக்காரா என்ற சீட்டாட்டத்தில் 'டை' மேல், அதாவது இரண்டு பக்கமும் சமமாக வரும் என்று வைத்தால், 8 மடங்கு தரும் மேசையில், 14 சதவீதத்துக்கு மேல் போகும். தேர்த்திருவிழாவில் மூன்று கட்டை உருட்டும் லங்கர் ஆட்டத்தில்கூட, கட்டை ஒழுங்காக இருந்தால், கடைக்காரருக்கு 8 சதவீதத்துக்குக் கீழேதான். இவ்வளவு சாதகம் வெளிப்படையாக இருக்கும்போது சீட்டை ஒளித்து ஏமாற்றி உரிமத்தைப் பணயம் வைக்க லைசென்ஸ் வாங்கிய கேசினோவுக்கு அவசியமே இல்லை.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்கிறேன், நுழைவுப் பேக்கேஜில் கொடுத்த சில்லுகளை கவுண்டரில் காசாக்க முடிந்ததா? பல பேக்கேஜ்களில் அவை ஆடுவதற்கு மட்டும், மாற்ற முடியாது. அதோடு கேசினோவுக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். ஜெயித்த பணத்துக்கு 30 சதவீதம் வருமான வரி தனி, அதில் தோற்ற பணத்தைக் கழிக்கவும் விடமாட்டார்கள்.

உண்மையிலேயே தவறு நடப்பதும் உண்டு, டீலரும் மனிதர்தானே, 20ஐ 19 என்று கூட்டிவிட்டு உங்கள் சில்லை வாரிவிடுவார். அப்போது சீட்டையும் சில்லையும் தொடாதீர்கள், வாக்குவாதமும் வேண்டாம், அடுத்த கை தொடங்கும் முன் "கொஞ்சம் நிறுத்துங்க, சூப்பர்வைசரைக் கூப்பிடுங்க" என்று சொல்லுங்கள். ஆடி முடித்த சீட்டுகள் தட்டில் அதே வரிசையில் இருக்கும், திருப்பி அடுக்கி அந்தக் கையை மறுபடி காட்ட முடியும், கேமராவும் இருக்கிறது. இரண்டு கை தாண்டிவிட்டால் கஷ்டம். வீட்டுக்கு வந்து மெயில் அனுப்பினால் அதைவிடக் கஷ்டம்.

கோர்ட் விஷயம். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆவது பிரிவு பந்தய ஒப்பந்தம் செல்லாது என்கிறது, ஜெயித்ததாகச் சொல்லப்படும் பணத்தைக் கேட்டு வழக்குப் போடவும் முடியாது. ஆகவே அந்த 150 ரூபாயை மறந்துவிடுங்கள். பேக்கேஜில் சொன்ன சாப்பாடு இல்லை, கட்டணம் கூடுதலாகப் பிடித்தார்கள் என்பது போன்ற சேவைக் குறை வேறு விஷயம். பில் கையில் இருந்தால் அதற்கு நுகர்வோர் ஆணையத்தில் முயன்று பார்க்கலாம், 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே, அதாவது புதுச்சேரியிலேயே மனு கொடுக்கலாம், கோவா வரை அலைய வேண்டாம்.

மச்சான் ஊரில் நிலைமை கொஞ்சம் மேல் என்பது உண்மைதான். சிங்கப்பூரில் ஆட்ட விதிகளுக்கு அரசின் சூதாட்ட ஒழுங்குமுறை ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். விதியைக் காட்டுங்கள் என்று கேட்டால் காட்டுவார்கள், புகார் சொல்லவும் இடம் உண்டு. ஆனால் சதவீதக் கணக்கு அங்கேயும் இதேதான். போனில் நேரலை டீலரைக் காட்டும் ஆப்பை மட்டும் இதோடு சேர்க்காதீர்கள். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியிருக்கிறது. அதில் உங்கள் பணம் போனால், கூப்பிடுவதற்கு ஒரு சூப்பர்வைசர்கூட இருக்கமாட்டார்.