கடைசி என்று தெரியாமல் சொன்ன அறிவிப்பு

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு, வணக்கம்.

புதுச்சேரியில் பிறந்த நான் 1982-இல் திருமணமாகி இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுப் பகுதியான ரெயூனியன் தீவின் சென் தெனி நகருக்கு வந்தேன். பிரெஞ்சுப் பள்ளியில் படித்திருந்ததாலும் உச்சரிப்பு சுத்தமாக இருந்ததாலும், 1987-இல் இங்குள்ள ஒரு தொலைக்காட்சி நிலையத்தில் நிகழ்ச்சி அறிவிப்பாளராகச் சேர்ந்தேன். 'ஸ்பீக்கரின்' என்று இங்கு எங்களைச் சொல்வார்கள். ஒரு நிகழ்ச்சி முடிந்து அடுத்தது தொடங்கும் முன் திரையில் தோன்றி, மாலை வணக்கம் கூறி, இனி வரப்போவதைச் சொல்லிவிட்டு மறைவதுதான் வேலை. எழுதியதைப் பார்த்து வாசிப்பதில்லை. நாங்களே எழுதி, மனப்பாடம் செய்து, கடிகார முள்ளுக்குக் கட்டுப்பட்டு முடிக்க வேண்டும். பாரிசிலிருந்து விமானத்தில் வர வேண்டிய ஒளிநாடா தாமதமானால், இரண்டு நிமிடத்தைப் புன்னகையாலும் சொல்லாலும் நிரப்ப வேண்டியதும் நாங்கள்தான். 1989 ஜனவரி இறுதியில் ஃபிரிங்கா புயல் வீசிய நாளில், நிகழ்ச்சி மாற்றங்களை நான் மாற்றி மாற்றி அறிவித்துக்கொண்டிருந்தேன். மின்சாரம் போன வீடுகளில் அதை யார் கேட்டார்கள் என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

எட்டு ஆண்டுகளில் திரையில் நான் பேசிய தமிழ், ஒரு தீபாவளி மாலையில் சொன்ன 'வணக்கம்' என்னும் ஒரே சொல். பிறகு ஒரு திங்கட்கிழமை, இனி அறிவிப்பாளர்கள் தேவையில்லை, குரல் பதிவும் எழுத்தும் போதும் என்று சொல்லி, என்னை நிகழ்ச்சி நிரல் தயாரிக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும் வரை அங்கேயே இருந்தேன். ஊதியம் குறையவில்லை என்பதால் யாரிடமும் குறை சொல்லவும் வழியில்லை. நாங்கள் பேசியவை நேரலை என்பதால் எதையும் சேமித்து வைக்கவில்லை. அந்த எட்டு ஆண்டுகளுக்கு ஒரு நிமிடப் பதிவுகூட என்னிடம் இல்லை.

இப்போது எனக்கு அறுபத்தாறு வயது. சென்ற மாதம் சென் ஆந்த்ரே பக்கத்துக் கோவிலின் நிர்வாகிகள், தைப்பூசக் காவடியன்று ஒலிபெருக்கியில் தமிழில் அறிவிப்புச் செய்யும்படி அழைத்தார்கள். ஒத்திகையில் ஒலிவாங்கி முன் நின்றேன். தொண்டை அடைத்து, ஒரு சொல்லும் வரவில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன். அன்றிலிருந்து இரவில் தொலைக்காட்சியை அணைக்க முடியவில்லை. அமைதி வந்தாலே நெஞ்சு படபடக்கிறது. என் கணவர், "எப்போதோ போன வேலைக்கு இப்போதா அழுகிறாய்?" என்கிறார். அவர் கேட்பது நியாயம்தானே?

இப்படிக்கு,
சென் தெனி வாசகி

*

அன்புள்ள அம்மா,

உங்கள் கணவர் கேட்ட கேள்வியிலேயே விடையின் ஒரு பாதி இருக்கிறது. எப்போதோ போனதுதான், ஆனால் போனது என்று அன்று ஒருவரும் சொல்லவில்லை. ஞாயிறு இரவு நீங்கள் சொன்ன அறிவிப்பே கடைசி என்பது, அதைச் சொன்னபோது உங்களுக்கும் தெரியாது, கேட்டவர்களுக்கும் தெரியாது. வேலையும் ஊதியமும் தொடர்ந்தன, அதே கட்டடத்துக்குள் நாள்தோறும் நடந்து போனீர்கள். இறந்தவருக்குச் செய்வதுபோல் துக்கம் காக்க இடமே தராத இத்தகைய இழப்பை, பாலின் பாஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 'தெளிவற்ற இழப்பு' என்று வகுத்தார். அது பல ஆண்டுகள் அசையாமல் கிடந்து, ஒரு சிறு காரணம் கிடைத்தவுடன் எழுந்து நிற்கும். உங்களுக்கு அந்தக் காரணம் கோவில் ஒலிவாங்கியாக வந்திருக்கிறது.

அந்த இடமாற்றத்தை உங்கள் முகத்துக்கோ குரலுக்கோ கிடைத்த தீர்ப்பாக மனத்துக்குள் வைத்திருக்கிறீர்களோ என்று ஐயுறுகிறேன். 1949-இல் ஜாக்குலின் ழுபேரோடு பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் தொடங்கிய இந்தப் பணியை, பாரிசின் பெரிய அலைவரிசைகளே 1990-களின் தொடக்கத்தில் கைவிட்டன. பிரிட்டனில் ஐ.டி.வி. என்னும் தனியார் தொலைக்காட்சியின் வட்டார நிலையங்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அறிவிப்பாளர்கள் இருந்தார்கள். 2002-இல் இங்கிலாந்து முழுவதற்கும் ஒரே பெயரும் ஒரே குரலும் வந்தபோது அவர்களின் இடமும் போயிற்று. எங்கோ எடுக்கப்பட்ட கணக்கில் உங்கள் நாற்காலியும் சேர்ந்துகொண்டது. இதனால் வலி குறையாது என்பதை அறிவேன். ஆனாலும் உங்கள்மேல் நீங்களே சுமத்திய பழியைக் கொஞ்சம் இறக்கி வைக்கலாம்.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றையும் கேட்க விரும்புகிறேன். அந்நாளில் சந்தையில் முன்பின் அறியாதவர்கள் உங்களைக் கண்டு சிரித்திருப்பார்கள், உடம்பு எப்படி இருக்கிறது என்று உறவுக்காரரைப்போல் விசாரித்திருப்பார்கள். திரையில் தோன்றுபவரோடு பார்ப்பவருக்கு உண்டாகும் இந்த ஒருபக்க நெருக்கத்தை ஹார்ட்டன், வோல் என்னும் ஆய்வாளர்கள் இருவர் 1956-லேயே விளக்கினார்கள். உங்கள் பக்கத்தில் இருந்தவையோ ஒளிப்படக் கருவியும் சுவர்க் கடிகாரமும் மட்டுமே. அத்தனை பேருக்குத் தெரிந்தவராக இருந்தும், அந்த இழப்பைச் சேர்ந்து பேச ஒருவர்கூட இல்லாமல் போனதற்கு இதுவும் காரணம்.

இனி, தொண்டை அடைத்ததைப் பற்றி. ஒரு நொடி மௌனம்கூடத் திரையில் விழுந்துவிடக் கூடாது என்று எட்டு ஆண்டுகள் உங்கள் உடம்பைப் பழக்கினீர்கள். மௌனம் என்றால் தவறு, தவறு என்றால் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஓர் அதட்டல். கோவிலில் அந்தக் கடிகாரம் இல்லை. மேளமும் நாதஸ்வரமும் ஓய்ந்தபின் சிறிது நேரம் யாரும் பேசாமலிருந்தால் அடியார்கள் அதைக் குறையாக நினைக்கமாட்டார்கள். உங்களை வாயடைக்கச் செய்தது அந்த அளவில்லாத நேரமும், திரையில் ஒரே ஒரு சொல்லுக்கு மட்டும் அனுமதி பெற்றிருந்த தாய்மொழியில் திடீரென்று முழுவதுமாகப் பேச வேண்டி வந்ததும் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒருவேளை நான் தவறாகவும் இருக்கலாம். அதனால் தொண்டைச் சிறப்பு மருத்துவர் ஒருவரிடமும் காட்டிவிடுங்கள். மாதவிடாய் நின்றபின் பெண்களின் குரல் தடிப்பதும் தாழ்வதும் இயல்பு. குரல் பயிற்சி அளிப்பவர்கள் உங்கள் ஊரிலேயே இருப்பார்கள். உறக்கமின்மை தொடர்ந்தாலோ, பசி குறைந்தாலோ, எதிலும் விருப்பம் அற்றுப் போனாலோ, தைப்பூசம் முடியட்டும் என்று காத்திராமல் குடும்ப மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள்.

முதலில் இந்த வாரம், அந்த ஞாயிறு இரவுக்கு உரிய விடைபெறும் அறிவிப்பை எழுதுங்கள். பிரெஞ்சில் எழுதினாலும் சரி. அன்று கட்டுப்பாட்டு அறையில் இருந்த சக ஊழியர் எவரேனும் இன்னும் தீவில் இருந்தால், அவரைத் தேநீருக்கு அழைத்து, அவர் எதிரில் அதைச் சொல்லுங்கள். பதிவு இல்லை என்கிறீர்கள். உங்களுக்குக் கைகாட்டி நேரம் சொன்னவரின் நினைவில் ஏதாவது மிஞ்சியிருக்கும், அதைக் கேட்டு எழுதி வையுங்கள்.

காவடிக்கு ஒப்புக்கொள்வதா என்பதை இன்றே முடிவு செய்ய வேண்டாம். அதற்குமுன் ஒரு சாதாரண வெள்ளிக்கிழமை பூசையில், ஒலிவாங்கி இல்லாமல், பிரசாதம் வழங்கும் நேரத்தை மட்டும் தமிழிலும் பிறகு தீவின் பேச்சுமொழியான கிரியோலிலும் அறிவித்துப் பாருங்கள். தடுமாறினால் தடுமாறட்டும், அங்கிருப்பவர்களில் பலருக்கு உங்கள் அளவுக்குத் தமிழ் வராது. உங்கள் கணவரை முன்வரிசையில் உட்காரச் சொல்லாதீர்கள். வாசலில் செருப்புக்குக் காவல் இருக்கச் சொல்லுங்கள். முடிந்தபின் எவ்வளவு தூரம் கேட்டது என்று அவரைக் கேட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆலோசகர்