அம்பு ஏந்திய அரசர் யார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள 'பட்லர்-பௌடன் கோப்' என்னும், குருக்கள் வழிபாட்டில் போர்த்திக்கொள்ளும் அரைவட்டத் திருவுடையைப் பற்றி எழுதும்போது, அம்பு ஏந்திய ஒருவரை எட்மண்ட் அரசர் என்று குறிப்பிட்டிருந்தீர்கள். எங்கள் ஊரில் அம்பு என்றாலே செபஸ்தியார்தான். நூலால் தைத்த இவ்வளவு சிறிய உருவத்தை இன்னார் என்று எப்படி உறுதி செய்கிறார்கள்? அடையாளம் தெரியாவிட்டால் என்ன செய்வார்கள்?

வாசகி, தூத்துக்குடி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் ஐயம் மிக நியாயமானது. கையிலுள்ள பொருளை மட்டும் பார்த்தால் இந்தக் குழப்பம் யாருக்கும் வரும். முதலில் தலையையும் உடையையும் பார்க்க வேண்டும், பொருளை அதன் பிறகே பார்க்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. செபஸ்தியார் ரோமானியப் படைவீரர். அவருக்கு அரசமுடி கிடையாது. முடி சூடி அம்பு ஏந்தியவர், 869இல் டேனியப் படையினரால் கொல்லப்பட்ட கிழக்கு ஆங்கிலியாவின் அரசர் எட்மண்ட். அம்புக்குப் பதில் மோதிரம் இருந்தால் அவர் எட்வர்ட் அரசர். அவர் நம்பிக்கைக்காக உயிர்விட்ட மறைசாட்சியே அல்லர்.

வாளும் இப்படித்தான். வழுக்கைத் தலையும் நீண்ட தாடியுமாக வாளேந்தி நிற்பவர் பவுல். முடி சூடிய இளம்பெண்ணின் கையில் வாளும் சக்கரமும் இருந்தால் கத்தரீன். ஆயருக்குரிய தலைப்பாகையோடு வாளும் காட்டப்பட்டால், 1170 டிசம்பர் 29 அன்று கேன்டர்பரி பேராலயத்திலேயே வெட்டுண்ட பேராயர் தாமஸ் பெக்கெட்டாக இருக்கலாம். குருத்தோலை ஒருவரை மறைசாட்சி என்று மட்டுமே சொல்லும்; பெயரைச் சொல்லாது. ஸ்தேவான், லாரன்ஸ் இருவருமே உச்சி மழித்த தலையும் திருத்தொண்டர் (குருவுக்கு அடுத்த நிலைத் திருச்சபைப் பணியாளர்) உடையுமாக இருப்பதால், அவர்களைப் பிரித்துக் காட்ட ஸ்தேவானின் கற்களும் லாரன்ஸின் இரும்புக் கம்பித் தட்டும் மட்டுமே உண்டு.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. 13, 14ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் செய்யப்பட்டு ஐரோப்பா முழுதும் விரும்பப்பட்ட இந்தப் பூத்தையலில் முகத்தைப் பட்டு நூலால், ஒவ்வொரு தையலும் முந்தைய தையலின் இழையைப் பிளந்துகொண்டு வரும்படி, கன்னத்தில் சுழலாகச் சுற்றித் தைப்பார்கள். பொன் இழையை மேற்பரப்பில் கிடத்தி, அடியிலுள்ள லினன் நூலால் அதைச் சிறு கண்ணியாகத் துணிக்குப் பின்புறம் இழுத்துப் பிடிப்பார்கள். அவ்வளவு உலோகம் ஏறிய துணி மடங்கிக் கொடுப்பது இதனால்தான். ஆனால் இரும்பு கலந்து சாயமேற்றிய கறுப்பு, பழுப்புப் பட்டு காலப்போக்கில் பொடிந்து உதிர்ந்துவிடும். வெள்ளி இழையும் கறுத்துவிடும். உருவத்தின் எல்லைக்கோடு உதிர்ந்து திருத்தூதர் பர்த்தலமேயுவின் கத்தி கறுத்த பட்டையாக மாறிவிட்டால், அது கத்தியா வேறெதுவுமா என்பதே ஐயமாகிவிடும். அப்போது துணியில் எஞ்சியிருக்கும் ஊசித் துளைகளும் வரைந்த கோடுகளும்தான் சாட்சி.

கத்தரிக்கோல் செய்த சேதம் இதைவிடப் பெரியது. நீங்கள் கேட்ட இந்தக் 'கோப்' உடையையே ஒரு காலத்தில் வெட்டி வேறு திருவுடைகளாகத் தைத்திருந்தார்கள். பின்னர்தான் ஒட்டுச் சேர்த்தார்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்திலுள்ள சிசெஸ்டர்-கான்ஸ்டபிள் திருப்பலி உடையும் ஒரு 'கோப்' உடையிலிருந்து வெட்டப்பட்டதே. வெட்டும்போது ஒரு கை போனால் அந்தக் கையிலிருந்த பொருளும் போய்விடும். பெக்கெட் விஷயத்தில் அரசாணையே குறுக்கிட்டது: 1538இல் எட்டாம் ஹென்றி அவருடைய படங்களை அகற்றவும் வழிபாட்டு நூல்களிலிருந்து பெயரை அழிக்கவும் ஆணையிட்டார். பெக்கெட்டின் கொலைக் காட்சியைக் காண இத்தாலியின் பொலோன்யாவிலுள்ள ஆங்கிலேய 'கோப்' உடையை நாட வேண்டியிருக்கிறது. இத்தகைய காட்சிகளில் ஆளைத் தேடும் வேலையே இல்லை; பலிபீடமும் வாளோங்கிய வீரர்களுமே அவர் யாரென்று சொல்லிவிடுகின்றன.

அடையாளம் தெரியாத உருவத்தை 'ஒரு பேராயர்' என்றோ 'ஒரு பெண் மறைசாட்சி' என்றோ எழுதி நிறுத்திக்கொள்வதே முறை. பக்கத்தில் நிற்பவர்களை வைத்து ஊகிக்கலாம். ஆனால் வெட்டி ஒட்டிய துணியில் இன்றைய அண்டை உருவம் முதலில் அங்கே இருந்ததுதானா என்பதைத் தையல் இணைப்பைப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகே அந்த ஊகத்துக்கு மதிப்பு கொடுப்பேன்.