கரண்ட் போனா ஹால்ல ஏன் கடல் வருது?

கேள்வி: வணக்கம் அண்ணே, நாலடி நீளம், ஒன்றரை அடி அகலத்துல உப்புத்தண்ணி டேங்க் வச்சிருக்கேன், கீழ ஸ்டாண்டுக்குள்ள சம்ப், பைப் வேலை எல்லாம் நானே தான் பண்ணேன். ஒரு மாசம் நல்லா தான் ஓடுச்சு. போன வாரம் நைட்டு கரண்ட் போச்சு, காலைல எந்திரிச்சு பாத்தா ஹால் முழுக்க தண்ணி, கீழ் வீட்டு சீலிங் வரைக்கும் ஊறிருச்சு. ரிட்டர்ன் லைன்ல செக் வால்வு கூட போட்டிருந்தேனே? – வாசகர், அம்பத்தூர்

பதில்: தம்பி, மொதல்ல கீழ் வீட்டுக்காரங்களுக்கு பெயின்ட் அடிச்சு குடுத்துருங்க, அப்புறம் பைப்பை பாக்கலாம். (மத்தவங்களுக்கு: சம்ப்னா இங்க தரைக்கடியில இருக்கிற தொட்டி இல்ல, டேங்குக்கு கீழ ஃபில்டர், நுரையோட அழுக்கை எடுக்கிற ஸ்கிம்மர், பம்ப் எல்லாம் வைக்கிற கண்ணாடித் தொட்டி. ரிட்டர்ன் லைன்னா பம்ப் அங்க இருந்து தண்ணிய மேல டேங்குக்கு தள்ளுற பைப், செக் வால்வுன்னா தண்ணி திரும்பி வராம தடுக்கிற வால்வு.)

நீங்க அனுப்புன போட்டோல ரிட்டர்ன் பைப்போட வாய் தண்ணிமட்டத்துக்கு மூணு இஞ்ச் கீழ இருக்கு. பம்ப் ஓடுற வரைக்கும் மேல தள்ளும், நின்ன உடனே அதே பைப் திரும்பி உறிஞ்ச ஆரம்பிச்சிரும், ட்யூப் வச்சு வண்டில இருந்து பெட்ரோல் எடுக்கிறாங்கல்ல அதே கதை தான், வாய்க்குள்ள காத்து போற வரைக்கும் நிக்கவே நிக்காது. உங்க டேங்க் அளவுக்கு ஒரு இஞ்ச் தண்ணின்னா கிட்டத்தட்ட 14 லிட்டர், மூணு இஞ்ச்னா 42. சம்ப்ல காலியா விட்டிருக்கிறது 20 லிட்டருக்கு தான். மிச்சம் ஒரு வாட்டர் கேனுக்கு மேல தரைல தான் போகும், வேற எங்க போகும்? செக் வால்வு புதுசுல நல்லா மூடும், ஆனா உப்புத்தண்ணில சுண்ணாம்பு படிஞ்சு, பாசி புடிச்சு, இல்ல ஒரு குட்டி நத்தை போய் உக்காந்தா கூட போதும், முழுசா மூடாது. அதை நம்பி தூங்காதீங்க.

பைப் வாயை தண்ணிமட்டத்துக்கு அரை இஞ்ச் கீழ வர்ற மாதிரி தூக்குங்க. முடியலன்னா அதே மட்டத்துல பைப்புல 5 மி.மீ. ஓட்டை ஒண்ணு போடுங்க, மட்டம் இறங்குனதும் அது வழியா காத்து பூந்து உறிஞ்சுறது நின்னுரும். வாரம் ஒருக்கா பழைய டூத்பிரஷ்ல தேய்ச்சு விடணும், இல்லன்னா பாசி அடைச்சுக்கும். அப்புறம் வேணும்னே பம்ப்பை ஆஃப் பண்ணுங்க, மேல இருந்து வர்றது எல்லாம் வந்து முடியட்டும், சம்ப் விளிம்புக்கு ரெண்டு இஞ்சாவது கீழ நிக்கணும், அதிகம்னா மக்ல மோந்துருங்க. திரும்ப ஆன் பண்ணி பத்து நிமிஷம் கழிச்சு சம்ப்ல பம்ப் இருக்கிற தடுப்புக்குள்ள தண்ணி எங்க நிக்குதோ அங்க மார்க்கர்ல ஒரு கோடு. அந்தக் கோட்டுக்கு மேல ஊத்தக்கூடாது. குறையுறதுக்கு ஊத்துறது ஆர்ஓ தண்ணியா இருக்கட்டும், உப்புத்தண்ணி வேணாம், ஆவியாப் போறது தண்ணி மட்டும் தான், உப்பு அங்கயே தான் இருக்கு.

கேள்வி: டேங்க்ல இருந்து சம்ப்புக்கு தண்ணி இறங்குற ஓவர்ஃப்ளோ பைப்ல ராத்திரி பூரா டாய்லெட் ஃப்ளஷ் பண்ற மாதிரி சத்தம், வீட்டுல திட்டு தாங்கல. – வாசகி, மதுரை

பதில்: ஒரே பைப்ல தண்ணியும் காத்தும் சண்டை போட்டுட்டு இறங்குது, அதான் சத்தம். டேங்க்ல ரெண்டு ஓட்டை இருந்தா ஒரு பைப்புக்கு கீழ, சுத்திச் சுத்தி கொஞ்சம் கொஞ்சமா மூடுற கேட் வால்வு போட்டு, பைப் முழுக்க தண்ணியாவே இறங்குற வரைக்கும் மெதுவா மூடிட்டு வாங்க, இன்னொண்ணோட வாயை ஒரு இஞ்ச் மேல வச்சு அவசரத்துக்கு விட்டுருங்க. கால் திருப்புல மூடுற பால் வால்வு வேணாம், மயிரிழை திருப்புனாலே மட்டம் எகிறிரும். ஒரே ஓட்டை தான்னா இதை செய்யவே செய்யாதீங்க, அது அடைச்சா மேல் டேங்கே வழியும்.

கேள்வி: வீட்ல பித்தளை நிப்பிள் நிறைய கெடக்கு, போடலாமா சார்? – வாசகர், திருச்சி

பதில்: போடாதீங்க. நான் போட்டேன். மீனுக்கு ஒண்ணும் ஆகல, இறாலும் நத்தையும் மட்டும் ஒவ்வொண்ணா செத்துச்சு, ரெண்டு வாரம் தண்ணிய டெஸ்ட் பண்ணிட்டே இருந்தேன், கடைசில பைப்பை இணைக்கிற யூனியனைக் கழட்டுனா உள்ள பச்சையா பூத்து நிக்குது. பித்தளைல இருக்கிற செம்பு துளி கரைஞ்சாலும் முதுகெலும்பு இல்லாத ஜீவனுக்கு விஷம். பிவிசி மட்டும் போடுங்க.

கேள்வி: எங்க ஊர் கரைல பவளப்பாறைத் துண்டு ஒதுங்குது, ஃபில்டருக்கு எடுத்துக்கலாமா? – வாசகர், ராமநாதபுரம்

பதில்: கைய வைக்காதீங்க. பவளப்பாறை 2001ல இருந்து வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணைல இருக்கு, காஞ்ச துண்டுக்கும் கேஸ் தான், அதுலயும் உங்க பக்கம் மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா. ஃபில்டர்ல மீன் கழிவைச் சிதைக்கிற பாக்டீரியாவுக்கு வேண்டியது நுண்ணோட்டை உள்ள இடம், அது செராமிக் கல்லுலயே கிடைக்குது. ஒன்றரை மாசம் மீன் விடாம டேங்கை ஓட்டுங்க, அம்மோனியாவும் நைட்ரைட்டும் சைபர் காட்டுனதும் வளர்ப்புல பொறந்த கோமாளி மீன் ஒரு ஜோடி விடுங்க. உங்க மண்டபத்துல மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையமே அதைக் குஞ்சு பொரிச்சு வளர்த்துக் காட்டியிருக்கு, கடல்ல இருந்து புடிச்சதைத் தேடிப் போகாதீங்க.