பேண்டு வாத்தியத்தை விடுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள்

கேள்வி: 1982இல் பெர்க்லி மைதானத்தில் நடந்த கால் (பெர்க்லியின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) – ஸ்டான்ஃபோர்ட் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தின் கடைசி 4 விநாடிகளைப் பழைய ரசிகர்கள் இன்னும் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். பேண்டு வாத்தியக்காரர்கள் உள்ளே ஓடி வந்திராவிட்டால் ஸ்டான்ஃபோர்ட் ஜெயித்திருக்கும்தானே?
– ஒரு வாசகர், ஃப்ரீமான்ட்

பதில்: ஜெயித்திருக்காது. அந்த நவம்பர் 20ஆம் தேதியிலிருந்து ஆளாளுக்கு வாத்தியக்காரர்களைப் போட்டுச் சாத்துகிறீர்கள். கால் அணியின் கெவின் மோயன் மோதியது போதாதா?

144 பேர் கொண்ட ஸ்டான்ஃபோர்ட் குழு. பந்தோடு ஓடிய கால் ஆட்டக்காரர் டுவைட் கார்னரை ஸ்டான்ஃபோர்ட் ஆட்கள் மடக்கியதும் கதை முடிந்தது என்று இறங்கிவிட்டார்கள். தாலி ஏறுமுன் கெட்டிமேளம் கொட்டிய குற்றம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வழியை மறித்தது யாருக்கு? பந்தோடு ஓடிய மோயனுக்கு! அவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு எண்ட் ஸோனுக்குள் (பந்தோடு நுழைந்தால் புள்ளி கிடைக்கும் மைதானக் கோடி) பாய்ந்து, கேரி டிரெல் என்ற டிராம்போன்காரரைச் சாய்த்தார். எல்லா வாத்தியத்திலும் டிராம்போனுக்குத்தான் இந்தக் கதி வரும். முன்னால் ஒரு கை நீளம் இடம் வேண்டும், வாசிப்பவர் ஒதுங்குவதற்குள் வாத்தியம் மாட்டிக்கொள்ளும். புல்லாங்குழல்காரர் என்றால் கக்கத்தில் செருகிக்கொண்டு தப்பியிருப்பார். நசுங்கிய டிராம்போன் கல்லூரி ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேமுக்கே போனது. நன்றாக வாசித்த டிராம்போன் எதுவும் அங்கே போனதாகத் தெரியவில்லை.

ஸ்டான்ஃபோர்டின் தோல்வி, 8 விநாடி மிச்சமிருந்தபோதே எழுதப்பட்டுவிட்டது. 19–17 என்று பின்தங்கி, நாலாவது டவுனில் (கடைசி முயற்சியில்) 17 யார்டு வேண்டும் என்ற நிலையிலிருந்து ஸ்டான்ஃபோர்டின் ஜான் எல்வே அணியை மீட்டுக்கொண்டு வந்தார். பீல்டு கோல் (பந்தைக் கம்பங்களுக்கிடையே உதைத்து 3 புள்ளி எடுப்பது) தூரம் வந்ததும் 8 விநாடி மிச்சமிருக்கையில் டைம்-அவுட். பெனால்டி ஏதும் விழுந்தால் இன்னொரு முறை உதைக்கலாம் என்ற ஜாக்கிரதை. உதைக்க 4 விநாடி ஆகும். கடிகாரத்தை 4இல் நிறுத்தியிருந்தால் மார்க் ஹார்மனின் 35 யார்டு உதையோடு ஆட்டம் 20–19 என்று முடிந்திருக்கும், புள்ளி எடுத்த அணி பந்தை எதிரணிக்கு உதைத்துக் கொடுக்கும் கிக்-ஆஃபே இருந்திருக்காது.

அடுத்து, ஸ்டான்ஃபோர்ட் ஆட்களின் குதியாட்டம். அதற்கு 15 யார்டு அபராதம். 40 யார்டு கோட்டிலிருந்து உதைக்க வேண்டியதை 25இலிருந்து உதைத்தார்கள். அதையும் தரையோடு துள்ளவிட்டு உதைத்தார்கள். நீண்ட ஓட்டத்தைத் தடுக்க அதுதான் வழக்கம். ஆனால் அத்தனை பின்னாலிருந்து உதைத்தால் பந்து எதிரணியின் முன்வரிசைக்கே கிடைக்கும். மோயன் தன் 45 யார்டு கோட்டருகே எடுத்தார். பாதி மைதானம் இனாம்!

பிறகு கால் ஆட்டக்காரர்கள் மோயன், ராஜர்ஸ், கார்னர், மறுபடி ராஜர்ஸ், ஃபோர்டு, மறுபடி மோயன் என்று ஐந்து கைமாற்றம். பின்னோக்கியோ பக்கவாட்டிலோ எத்தனை முறையும் எறியலாம். இதைத் தெய்வாதீனம் என்பவர்களோடு எனக்குப் பழைய தகராறு உண்டு. கால் பயிற்சியாளர் ஜோ கேப், பயிற்சியின் முடிவில் பந்தை இப்படி மாற்றி மாற்றி எறியும் விளையாட்டு ஒன்றை ஆடவிடுவார். பழகிய கை அது.

வீடியோ நடுவர் பக்தர்களே, உடனே பேனாவை எடுக்காதீர்கள். கல்லூரி ஆட்டத்தில் அப்போது அந்த ஏற்பாடே கிடையாது. கார்னரின் முட்டி தரையில் பட்டதா (பட்டிருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கும்) என்று இருக்கிற படத்தில் உங்களாலும் காட்ட முடியாது, அத்தனை உடம்பு மறைக்கிறது. ஃபோர்டின் கடைசி வீச்சு முன்னோக்கிப் போனதா என்று வேண்டுமானால் சண்டை போடலாம். நடுவர் சார்லஸ் மொஃபெட் சகாக்களிடம் கேட்டார். விசிலும் ஊதவில்லை, தப்பான வீச்சும் இல்லை. 25–20, கால் வெற்றி.

பத்திரிகைக்காரன் என்ற முறையில் எனக்குப் பிடித்தது அடுத்த வாரம் நடந்ததுதான். ஸ்டான்ஃபோர்ட் மாணவப் பத்திரிகையாளர்கள், பெர்க்லியின் 'டெய்லி கலிஃபோர்னியன்' போலவே போலி இதழ் அச்சடித்து, வெற்றி ஸ்டான்ஃபோர்டுக்கே என்று தீர்ப்பாகிவிட்டதாகப் பெர்க்லி வளாகத்திலேயே விநியோகித்தார்கள். நாலே நாளில்! நம் அலுவலகத்தில் ஒரு திருத்தம் போட அடுத்த இதழ் வரை ஆகிறது.