புதிய சைட்டில் முதல் திசைக்கோணம்: கேள்வி பதில்

புதிதாக அளக்கப் போகும் இடத்தில் திசைக்கோணத்தை எங்கிருந்து பிடிப்பது என்று பலர் கேட்டிருந்தார்கள். இங்கே திசைக்கோணம் என்பது வடக்கிலிருந்து கடிகாரச் சுற்றில் 0 முதல் 360 டிகிரி வரை அளக்கும் அசிமுத்.

கேள்வி: சைட்டில் ஆயத்தொலை தெரிந்த கல் ஒன்றுகூட இல்லை சார். ஒரு திசையை நானே 0 என்று வைத்துத் தொடங்கலாமா?

தாராளமாக. இரண்டு கற்களை ஊன்றி, ஒன்றிலிருந்து மற்றதைப் பார்த்து 0-00-00 கொடுங்கள். இடைக்கோணங்களும் தூரங்களும் இதனால் கெடாது. அப்புறம் சரியான திசை கிடைத்ததும் மொத்த அளவையையும் ஒரே கோணத்தால் சுழற்றிவிடலாம். வரைபடத்தில் மட்டும் 'கற்பித வடக்கு' என்று மறக்காமல் எழுதிவிடுங்கள்.

மூன்றாவதாக ஒரு கல்லும் தள்ளி ஊன்றி வையுங்கள். மண் அள்ளும் வண்டி என் கல் ஒன்றைப் பெயர்த்துப் போட்ட நாளில்தான் எனக்கே இந்தப் புத்தி வந்தது.

கேள்வி: காம்பஸ் போதாதா?

தோராயமாகச் சரிபார்க்கப் போதும். அரை டிகிரி பிசகினால் 100 மீட்டரில் 87 செ.மீ. விலகிவிடும். காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள விலக்கம் இடத்துக்கு இடம், வருடத்துக்கு வருடம் மாறும். பக்கத்தில் இரும்பு வேலி இருந்தால் கேட்கவே வேண்டாம். கோட்டின் இரு முனைகளிலும் படித்துப் பாருங்கள். வித்தியாசம் 180 வராவிட்டால் ஏதோ ஒன்று முள்ளை இழுக்கிறது.

கேள்வி: ஆயத்தொலை தெரிந்த இரண்டு புள்ளிகள் உள்ளன. கால்குலேட்டர் −45 என்கிறது, மென்பொருள் 315 என்கிறது. எது சரி?

315. உங்கள் கோடு 100 மீட்டர் மேற்கே, 100 மீட்டர் வடக்கே போகிறது. கிழக்கு வித்தியாசத்தை வடக்கு வித்தியாசத்தால் வகுத்தால் −1. அதற்குக் கால்குலேட்டரின் tan⁻¹ தருவது −45. தென்கிழக்கே போகும் கோட்டுக்கும் அதே −45தான் வரும், ஆனால் அதன் திசைக்கோணம் 135. ஆகவே முதலில் கால்வட்டத்தைப் பாருங்கள். வடக்கு வித்தியாசம் குறையாக (மைனஸில்) இருந்தால் 180 கூட்டுங்கள். அது கூடுதலாக (பிளஸ்ஸில்) இருந்து விடை மட்டும் குறையாக வந்தால் 360 கூட்டுங்கள்.

கால்வட்டத்தைத் தானே பார்த்துக் கோணம் தரும் ஏடேன்2 (ATAN2) என்ற சார்பு எக்சலிலும் பைத்தானிலும் உண்டு. எக்சலில் முதலில் வடக்கு வித்தியாசம், பிறகு கிழக்கு வித்தியாசம். பைத்தானில் நேர்மாறு. இதில் நானும் ஏமாந்திருக்கிறேன்.

கேள்வி: ஜிபிஎஸ் ரோவரில் (புள்ளிக்குப் புள்ளி எடுத்துச் செல்லும் ஜிபிஎஸ் கருவி) 40 மீட்டர் இடைவெளியில் இரண்டு புள்ளி எடுத்தேன். அதை பேக்சைட்டாக (கருவிக்குத் திசை கொடுக்க முதலில் பார்க்கும் தெரிந்த கோடு) வைக்கலாமா?

வேண்டாம். ஒரு புள்ளி பக்கவாட்டில் 1 செ.மீ. தவறினால் 40 மீட்டரில் கோணம் சுமார் 52 விநாடி (ஒரு டிகிரிக்கு 3600 விநாடி) பிசகும். அந்தத் திசையில் 400 மீட்டர் போனால் பிழை 10 செ.மீ. ஆகிவிடும். பேக்சைட்டே 400 மீட்டர் என்றால் அதே தவறு 5 விநாடிதான். நீங்கள் அளக்கப் போகும் கோடுகளைவிட பேக்சைட் நீளமாக இருக்கட்டும்.

கேள்வி: சூரியனைப் பார்த்து எடுத்த திசையும் ஜிபிஎஸ் திசையும் 1 டிகிரிக்கு மேல் மாறுகின்றன. எது தவறு?

இரண்டுமே சரியாக இருக்கலாம். சூரியன் தருவது உண்மை வடக்கு. ஜிபிஎஸ் ஆயத்தொலையிலிருந்து கணக்கிட்டது கிரிட் வடக்கு, அதாவது வரைபடக் கட்டங்களின் வடக்கு. அந்த வரைபட மண்டலத்தின் மையத் தீர்க்கரேகையிலிருந்து எத்தனை டிகிரி தள்ளி இருக்கிறீர்களோ, அதை அட்சரேகையின் சைனால் பெருக்கினால் இரண்டு வடக்குக்கும் உள்ள இடைவெளி கிடைக்கும். 3 டிகிரி தள்ளி, 30-வது அட்சரேகையில் நின்றால் 1.5 டிகிரி. அப்புறம், ஃபில்டர் மாட்டாமல் தொலைநோக்கியைச் சூரியன் பக்கம் திருப்பாதீர்கள், கண் போய்விடும்.

கேள்வி: திசை சரியாக அமைந்ததா என்று அங்கேயே எப்படித் தெரிந்துகொள்வது?

பேக்சைட் அமைத்த கையோடு, தெரிந்த மூன்றாவது புள்ளியைப் பாருங்கள். கோணங்களை இரண்டு ஃபேஸிலும் (தொலைநோக்கியைப் புரட்டி இன்னொரு முறை) எடுங்கள். மூடிய டிராவர்ஸ் (தொடங்கிய புள்ளிக்கே திரும்பி வரும் அளவைக் கோடுகள்) என்றால் உட்கோணங்களின் கூட்டுத்தொகை, பக்க எண்ணிக்கையில் 2 கழித்து 180-ஆல் பெருக்கியதற்கு ஒத்துவர வேண்டும். கருவியைக் கழற்றும் முன் பேக்சைட்டை இன்னொரு தடவை பாருங்கள். நடுவில் யாராவது முக்காலியை இடித்திருந்தால் அப்போது தெரிந்துவிடும்.