மஞ்சள் மரப் பியோனியின் பெயர் என்ன?

கேள்வி: நியூயார்க் மாநிலத்தில் என் மகன் வாங்கிய வீட்டுத் தோட்டத்தில் பழைய பூஞ்செடி ஒன்று இருக்கிறது. நான் மே மாதக் கடைசியில் அங்கிருந்தபோது, இதழடியில் சிவப்புத் தீற்றலுடன் மஞ்சள் பூக்கள் மலர்ந்தன. அபூர்வமான கலப்பின மரப் பியோனி என்றார் பக்கத்து வீட்டுக்காரர். படங்கள் அனுப்பியுள்ளேன். இதன் பெயர் என்ன? மதுரையில் வளர்க்கலாமா?
– வாசகி, திருமங்கலம்

பதில்: அம்மா, நீங்கள் பூவோடு நிறுத்தாமல் செடியின் அடிப்பகுதியையும் படமெடுத்தது பெரிய உதவி. பட்டை வெடித்த பழைய தண்டும், அதில் முழங்கால் உயரத்துக்கு மேல் கிளம்பிய இவ்வாண்டுத் தளிரும் அதில் தெரிகின்றன. மரப் பியோனியையும் பூண்டு வகைப் பியோனியையும் கலந்து உண்டாக்கிய, குளிர்காலத்தில் பெரும்பாலும் தரைமட்டம் வரை பட்டுப்போகும் இட்டோ கலப்பினமாக இருந்தால் இப்படி இராது. ஆகவே இது மரப் பியோனிதான்.

சீனத்திலும் ஜப்பானிலும் நெடுங்காலமாக வளர்க்கப்பட்ட மரப் பியோனிகளில் இவ்வளவு அழுத்தமான மஞ்சள் கிடையாது. தென்மேற்குச் சீன மலைகளின் லூட்டியா என்னும் காட்டினத்தோடு அவற்றைக் கலந்த பிறகே அந்த நிறம் தோட்டங்களுக்கு வந்தது. பிரான்சில் லெமுவான் குடும்பத்தாரும், பிறகு நியூயார்க் மாநிலத்தின் கிளின்டன் ஊரில் வேதியியல் பேராசிரியர் சாண்டர்ஸும் இக்கலப்பில் உழைத்தார்கள். சாண்டர்ஸின் 'ஹை நூன்' என்னும் ரகம் 1952-இல் வெளிவந்தது. அரை அடுக்கு மஞ்சள் பூ, அடியில் சிவப்புத் தீற்றல், எலுமிச்சையை நினைவூட்டும் மணம். உங்கள் படம் அதற்கே மிக அருகில் நிற்கிறது. மஞ்சள் கலப்பினங்களில் அது பரவலாக வளர்க்கப்படுவது என்பதால், 'அபூர்வம்' என்ற சொல்லை இப்போதைக்கு ஒதுக்கிவைப்பதே நல்லது.

ஆயினும் படத்தை மட்டும் நம்பிப் பெயர் சூட்ட எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒட்டு மாங்கன்றைப் போலவே இங்கும் ஒரு பெயர் ஒரே தாய்ச்செடியின் ஒட்டுகளுக்கு மட்டும் உரியது. உடன்பிறந்த நாற்றுகள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கக்கூடும். எனவே அடுத்த மே மாதத்தில் உங்கள் மகன் பூ முழுதாக விரிந்த அன்றே இதழ்களை எண்ணி, மகரந்தக் கம்பிகளின் நிறத்தையும், நடுவிலுள்ள சூலகத்தின் அடியைச் சுற்றிய உறையின் நிறத்தையும், ஒரு தண்டில் எத்தனை மொட்டு என்பதையும் குறித்துக்கொள்ளட்டும். கோடையில் மறுபடி ஓரிரு பூ வந்தால் அதை அவசியம் எழுதுங்கள். ஹை நூனுக்கு அந்த வழக்கம் உண்டு. அடியில் வேறுவிதமான இலையோடு தளிர் கிளம்பினால் அது ஒட்டுக்கு அடியில் உள்ள வேர்ச்செடியினுடையது, அறுத்துவிட வேண்டும்.

மதுரையில் இது பூக்காது. இதன் மொட்டுகள் உறக்கம் கலைய வாரக்கணக்கில் கடுங்குளிர் வேண்டும். நம் மார்கழிப் பனி அதற்குப் போதாது.