ஒரே மாடல் மடிக்கணினிகளில் திரை மட்டும் வேறுபடுவது ஏன்?

கேள்வி: நானும் என் நண்பரும் ஒரே மாடல் மடிக்கணினியை ஒரே வாரத்தில் வாங்கினோம். அருகருகே வைத்துப் பார்த்தால் என்னுடைய திரை மட்டும் மஞ்சளாகவும் சற்று மங்கலாகவும் தெரிகிறது. எனக்குக் குறையுள்ள திரை வந்துவிட்டதா? மாற்றித் தரும்படி கேட்கலாமா?

பதில்:

கேட்கலாம். ஆனால் மஞ்சளாகத் தெரிகிறது என்ற ஒன்றை வைத்து உங்கள் திரைதான் மட்டமானது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அந்த அவசரத்தில் ஒருமுறை நானே ஏமாற இருந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எனக்கு ஒன்றும் என் தங்கைக்கு ஒன்றுமாக ஒரே மாடலில் இரண்டு மடிக்கணினிகள் வாங்கினேன். பெட்டியின் மேல் அச்சிட்டிருந்த மாடல் எண் கடைசி எழுத்து வரை ஒன்றாகவே இருந்தது. இரண்டையும் மேசைமேல் வைத்து ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்ததும், தங்கையின் திரை பளிச்சென்ற வெண்மையாகவும் என்னுடையது பழைய தாளைப் போலப் பழுப்பேறியும் தெரிந்தன. என்னுடையதைத் திருப்பி அனுப்புவதற்கான விண்ணப்பத்தைக்கூட எழுதிவிட்டேன். நல்லவேளையாக, நிழற்படத் தொழிலில் இருக்கும் நண்பர் ஒருவரிடம் திரையின் நிறத்தை அளக்கும் கருவி இருந்தது. அனுப்புவதற்கு முன் அதை இரவல் வாங்கி அளந்து பார்த்தேன். வெண்மையின் சாயலைக் கெல்வின் என்ற அலகில் சொல்வார்கள்; எண் குறையக் குறைய மஞ்சள், கூடக் கூட நீலம். என் 'பழுப்பு'த் திரையின் வெண்மை 6,400 கெல்வின் அளவிலும், தங்கையின் 'பளிச்'த் திரையின் வெண்மை 7,600 கெல்வினுக்கு மேலும் இருந்தன. கணினித் திரைகளுக்குப் பொதுவான நிறத் தரநிலையான எஸ்ஆர்ஜிபி வெண்மைக்குக் குறித்திருக்கும் அளவு ஏறத்தாழ 6,500 கெல்வின். சரியாக இருந்த திரையைத்தான் நான் குறையுள்ளது என்று எழுதி வைத்திருந்தேன்.

இரண்டு வெண்மைகள் அருகருகே இருக்கும்போது, நீலம் கலந்ததை அல்லது சற்றே ஒளி மிகுந்ததைக் கண் வெள்ளை என்று எடுத்துக்கொண்டு, மற்றதை மஞ்சள் என்று தள்ளிவிடுகிறது. தனியாக ஒரு மணி நேரம் பார்த்தால் எந்தத் திரையும் வெள்ளையாகவே தோன்றத் தொடங்கும். எனவே உங்கள் ஒப்பீடு 'இரண்டும் வேறு' என்பதை மட்டுமே நிறுவுகிறது. எது சரி என்பதை அது சொல்லவில்லை. கைப்பேசியில் படமெடுத்து ஒப்பிடுவதும் உதவாது, ஏனெனில் கைப்பேசிக் கேமரா வெண்மையைத் தானாகவே சரிசெய்துகொள்கிறது.

அளப்பதற்கு முன்பே விலக்க வேண்டிய சில காரணங்கள் உண்டு. இரவு நேர ஒளிமுறை இயங்கிக்கொண்டிருக்கலாம். சுற்றுப்புற வெளிச்சத்துக்கு ஏற்ப ஒளியைத் தானாகக் குறைக்கும் அமைப்பு இயங்கலாம். பேட்டரியில் ஓடும்போது மின்சாரத்தைச் சேமிப்பதற்காகக் கிராஃபிக்ஸ் டிரைவர் திரையை மங்கலாக்கலாம். இரண்டில் ஒன்றில் மட்டும் நிற புரொஃபைல், அதாவது திரையின் நிறத்தைத் திருத்தும் கோப்பு, ஏற்றப்பட்டிருக்கலாம். இரண்டையும் மின்னிணைப்பில் வைத்து, இவை அனைத்தையும் அணைத்து, அரை மணி நேரம் ஓடவிட்ட பிறகும் வேறுபாடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், காரணம் பேனலில்தான், அதாவது மடிக்கணினிக்குள் பொருத்தப்பட்டிருக்கும் திரைப் பாகத்தில்தான், இருக்கிறது.

மாடல் எண் என்பது மடிக்கணினியின் பெயரே தவிர, அதிலுள்ள பேனலின் பெயர் அன்று. மடிக்கணினியை விற்கும் நிறுவனங்களில் பெரும்பாலானவை பேனலைத் தாமே செய்வதில்லை. எல்ஜி டிஸ்ப்ளே, ஏயு ஆப்ட்ரானிக்ஸ், பிஓஇ, இன்னோலக்ஸ், ஷார்ப், சாம்சங் டிஸ்ப்ளே போன்ற சில நிறுவனங்களிடமிருந்தே பெரும்பாலும் வாங்குகின்றன. ஒரே மாடலுக்கு இரண்டு மூன்று நிறுவனங்களின் பேனல்களை ஒப்புக்கொண்டு, கிடைப்பதைப் பொருத்திக்கொண்டே போவது இத்தொழிலின் நடைமுறை. சில பழுதுபார்ப்புக் கையேடுகளில் ஒரே திரைக்கு எதிரே பல பேனல் நிறுவனங்களின் உதிரிப் பாக எண்கள் வரிசையாக அச்சிடப்பட்டிருப்பதைக் காணலாம். ஒரு தொழிற்சாலை நின்றாலும் உற்பத்தி நிற்காது என்பது ஒரு காரணம். விலை பேசுவதில் கை ஓங்கியிருக்கும் என்பது மற்றொன்று. (இந்த இரண்டாவது காரணத்தை அற்பமாக நினைக்க வேண்டாம். பேனல் நிறுவனங்கள் கூடிப் பேசி விலையை நிர்ணயித்ததற்காக எல்ஜி டிஸ்ப்ளே 2008-இல் 40 கோடி டாலரும், ஏயு ஆப்ட்ரானிக்ஸ் 2012-இல் 50 கோடி டாலரும் அமெரிக்காவில் அபராதம் விதிக்கப்பட்ட நிறுவனங்கள்.)

மடிக்கணினி நிறுவனம் தன் விளம்பரத்தாளில் எழுதுவது, ஒப்புக்கொண்ட எல்லாப் பேனல்களுக்கும் பொருந்தக்கூடிய பொதுவான சில எண்களை மட்டுமே: 15.6 அங்குலம், 1920க்கு 1080, 300 நிட் (நிட் என்பது ஒளியளவின் அலகு), 45 விழுக்காடு என்டிஎஸ்சி என்பதோடு அது நின்றுவிடும். அந்தக் கடைசி எண்ணைப் பலர் கவனிப்பதே இல்லை. என்டிஎஸ்சி என்பது 1953-ஆம் ஆண்டு தொலைக்காட்சித் தரநிலையின் நிற வரம்பு. அதில் 72 விழுக்காடுதான் பரப்பளவில் ஏறத்தாழ முழு எஸ்ஆர்ஜிபிக்குச் சமம். எனவே 45 விழுக்காடு என்றால் எஸ்ஆர்ஜிபியில் அறுபது விழுக்காட்டைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். அத்தகைய திரையில் நல்ல சிவப்பு செங்கல் நிறமாகத் தெரியும். ஒரே மாடல் பெயரின் கீழ் 45 விழுக்காட்டுத் திரையும் 72 விழுக்காட்டுத் திரையும் வெவ்வேறு விலைகளில் விற்கப்படுவதும் உண்டு. உங்கள் இருவரின் விலைச்சீட்டிலும் முழு உருவமைப்பு எண் ஒன்றுதானா என்று முதலில் பாருங்கள், ஏனெனில் அது வேறாக இருந்தால் வாங்கிய பொருளே வேறு.

எண் ஒன்றாகவே இருந்தாலும் வேறுபாட்டுக்கு நிறையவே இடம் இருக்கிறது. பேனல் நிறுவனங்களின் தரவுத் தாள்களைப் படித்தபோதுதான் எனக்கு இது விளங்கியது. 250 நிட் என்று வழக்கமான ஒளியளவைக் குறிக்கும் தாள், அதே வரியில் குறைந்தபட்ச அளவாக 212 நிட்டைக் குறித்திருக்கும். வெண்மையின் நிற ஆயத்தொலைவுகளை, அதாவது நிற வரைபடத்தில் அதன் இடத்தைக் காட்டும் இரண்டு எண்களை, 0.313, 0.329 என்று எழுதி, இரண்டுக்கும் 0.03 கூடவோ குறையவோ இருக்கலாம் என்று சலுகை தந்திருக்கும். 0.03 என்பது பார்க்கச் சிறிதாகத் தோன்றினாலும், இரண்டு ஆயத்தொலைவுகளும் ஒரே பக்கமாக அந்த எல்லை வரை நகர்ந்தால் வெண்மை ஒரு முனையில் ஏறத்தாழ 5,100 கெல்வினாகவும் மறுமுனையில் 9,000 கெல்வினைத் தாண்டியும் போய்விடும். ஒன்று மஞ்சள் சாயல், மற்றொன்று நீலச் சாயல். இரண்டுமே தாளின்படி 'தேர்ச்சி பெற்றவை'. பெரிய நிறுவனங்கள் இதைவிட நெருக்கமான வரம்பைக் கேட்டு வாங்குவதும் உண்டு என்றாலும், மலிவான மாடல்களில் அந்தக் கண்டிப்பை எதிர்பார்க்க முடியாது.

ஒரே தொழிற்சாலையில் ஒரே பேனல் எண்ணில் வருபவையும் இதனால்தான் முழுமையாக ஒத்திருப்பதில்லை. பின்னொளி தரும் வெள்ளை எல்இடி உண்மையில் நீல எல்இடிதான். அதன் மேல் பூசிய பாஸ்பர் என்ற மஞ்சளாக ஒளிரும் பொருள்தான் அதை வெள்ளையாக்குகிறது. பூச்சு இம்மியளவு கூடினால் மஞ்சள், குறைந்தால் நீலம். எல்இடிகளை அளந்து தரவாரியாகப் பிரித்த பிறகே பொருத்துகிறார்கள்; ஆயினும் எந்தத் தரவரிசையை யார் வாங்குகிறார்கள் என்பதில் விலை குறுக்கிடுகிறது. இதனுடன் நிறவடிகட்டியின் தடிமனும், சில மைக்ரோமீட்டரே உள்ள திரவப் படிக இடைவெளியில் ஏற்படும் வேறுபாடும் சேர்ந்துகொள்கின்றன.

உங்கள் இருவருக்கும் ஒரே பேனல்தானா என்பதைக் கண்டுபிடிக்கத் திரையைக் கழற்ற வேண்டியதில்லை. ஒவ்வொரு பேனலும் தன்னைப் பற்றிய விவரத்தை இடிஐடி என்ற 128 பைட் தொகுப்பில் வைத்திருக்கிறது. 1994-இல் வந்த இந்த ஏற்பாடு இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, மானிட்டர்ஸ் என்பதன் கீழுள்ள பெயரின் பிராப்பர்டீஸில் டீடெயில்ஸ் பகுதிக்குச் சென்று, ஹார்டுவேர் ஐடி என்பதைத் தேர்ந்தெடுங்கள். அங்கே MONITOR\ என்பதற்கு அடுத்து வரும் மூன்று எழுத்துகள் எல்ஜிடி என்றால் எல்ஜி டிஸ்ப்ளே, ஏயுஓ என்றால் ஏயு ஆப்ட்ரானிக்ஸ், பிஓஇ என்றால் அதே பெயருள்ள நிறுவனம், சிஎம்என் என்றால் இன்னோலக்ஸ். (சிமேய் இன்னோலக்ஸ் என்று இருந்த பெயரை அந்த நிறுவனம் சுருக்கிக்கொண்ட பிறகும் பழைய எழுத்துகள் அப்படியே தங்கிவிட்டன.) லினக்ஸில் இடிஐடி-டீகோட் என்ற கருவி, பேனலின் முழு எண்ணையும் தயாரான வாரத்தையும் ஆண்டையும்கூடப் பெரும்பாலும் காட்டிவிடும்.

முழு எண் கிடைத்தால் அதுவே பேசும். ஏயு ஆப்ட்ரானிக்ஸ் பேனல்களில் 'பி156எச்ஏஎன்' என்று தொடங்குபவை அகன்ற பார்வைக் கோணம் உடையவை. 'பி156எச்டிஎன்' என்று தொடங்குபவை பக்கவாட்டில் நிறம் மாறும் பழைய டிஎன் வகை. ஓர் எழுத்துதான் வேறுபாடு. பிஓஇ பேனல்களில் 'என்வி156', 'என்டி156' ஆகியவற்றுக்கு இடையிலும் இதே வேறுபாடுதான். 156 என்பது 15.6 அங்குலம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. எழுத்துகளைப் பார்த்ததும் 'அந்த நிறுவனத்துப் பேனல் நல்லது, இந்த நிறுவனத்துப் பேனல் மட்டம்' என்று இறங்கிவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. 2012-இல் வந்த ரெட்டினா மேக்புக் ப்ரோவில் எல்ஜி, சாம்சங் ஆகிய இரு நிறுவனங்களின் பேனல்களும் பொருத்தப்பட்டன. எல்ஜி பேனல் உள்ளவற்றில் பழைய பிம்பம் சிறிது நேரம் தங்கிவிடுவதாகப் புகார்கள் குவிந்தன. அந்தப் புகார் அந்தக் காலத்துக்கும் அந்தப் பேனலுக்கும் உரியது. அதை வைத்து அடுத்த பத்தாண்டுகளுக்கு எல்ஜி பேனல்கள் அனைத்தையும் தவிர்த்தவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் தவிர்த்தவற்றுள் மிக நல்ல பேனல்களும் இருந்தன. ஒப்பிட வேண்டியது பேனல் எண்ணையே அன்றி, நிறுவனத்தின் பெயரை அன்று. நோட்புக்செக் போன்ற தளங்கள் தாம் சோதித்த கணினியின் பேனல் எண்ணையும் சேர்த்தே வெளியிடுகின்றன. விமர்சனத்தைப் படிக்கும்போது அந்த எண் உங்களுடையதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தவில்லையென்றால், அந்தத் திரையைப் பற்றி அங்கே எழுதியிருப்பது உங்கள் திரையைப் பற்றியது அன்று.

நிறத்தைவிட முக்கியமான ஒரு வேறுபாட்டை என் தங்கைதான் எனக்குக் காட்டினாள். வாங்கிய இரண்டாவது வாரத்தில், "அண்ணா, இதில் இரவில் படித்தால் தலை வலிக்கிறது, உன்னுடையதில் வலிக்கவில்லை" என்றாள். நான் முதலில் நம்பவில்லை. பிறகு இரண்டு திரைகளிலும் ஒளியைப் பாதிக்குக் கீழே குறைத்து, இருட்டறையில் வெள்ளைப் பக்கத்தின் முன்னால் ஒரு பேனாவை வேகமாக ஆட்டிப் பார்த்தேன். என் திரையின் முன் பேனா தொடர்ச்சியான மங்கல் பட்டையாகத் தெரிந்தது. அவள் திரையின் முன் விசிறி மடிப்பு போலத் தனித்தனிப் பேனாக்களாகத் தெரிந்தது. அவளுடைய பேனல் ஒளியைக் குறைப்பதற்காகப் பின்னொளியை நொடிக்குப் பலமுறை அணைத்து ஏற்றிக்கொண்டிருந்தது. பிடபிள்யூஎம் எனப்படும் இந்த முறை சில பேனல்களில் நொடிக்கு இருநூறு முறை அளவிலேயே நடக்கிறது. பெரும்பாலோருக்கு இது தெரியாது; சிலருக்குக் கண் களைப்பும் தலைவலியும் வருகின்றன. கடைசியில் நாங்கள் கணினிகளை மாற்றிக்கொண்டோம். நான் திருப்பி அனுப்ப இருந்த மஞ்சள் திரையில்தான் அவள் இன்றும் வேலை செய்கிறாள்.

அவளிடமிருந்து வந்த நீலத் திரையை அதே கருவியால் அளந்து, அதற்கென ஒரு புரொஃபைல் செய்துகொண்டேன். வெண்மை சரியான இடத்துக்கு வந்தது. அதற்கு விலையாக உச்ச ஒளியில் கொஞ்சம் குறைந்தது. பிறர் செய்து வெளியிட்ட புரொஃபைலை இறக்கி ஏற்றிக்கொள்வதை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் அது வேறு பேனலுக்குச் செய்யப்பட்டதாக இருந்தால் நிறம் முன்னைவிடக் கெடும். அதே பேனல் எண்ணாக இருந்தாலும் அதன் வெண்மை உங்களுடைய வெண்மையாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இனி, மாற்றிக் கேட்பதைப் பற்றி. 'நண்பருடையதைவிட மஞ்சளாக இருக்கிறது' என்று எழுதினால், பெரும்பாலும் 'வரையறைக்குள் இருக்கிறது' என்ற ஒரு வரிப் பதிலே வரும். தரவுத் தாளின்படி அது பொய்யும் அன்று. ஒரே திரைக்குள்ளேயே தெரியும் குறைகளே வாதாட வலுவானவை: இடப்பக்கம் மஞ்சளும் வலப்பக்கம் நீலமுமாக நிறம் சரிவது, இருட்டில் கருப்புப் படம் காட்டும்போது ஓரத்தில் ஒளி கசிவது, எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும் படப்புள்ளி ஆகியவை. ஒளிக்கசிவு என்று நினைப்பதை மட்டும் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள்: தலையை நகர்த்தும்போது மங்கல் வெளிச்சமும் நகர்ந்தால் அது ஐபிஎஸ் எனப்படும் அகன்ற பார்வைக் கோணத் திரைகளின் இயல்பு, எங்கிருந்து பார்த்தாலும் அதே இடத்தில் நின்றால் அது கசிவு.

விளம்பரத்தாளில் 300 நிட் என்றிருந்து, முழு ஒளியில் நடுவில் அளந்தால் அதைவிட வெகுவாகக் குறைகிறது என்றால், அந்த எண்ணையும் அளந்த முறையையும் குறிப்பிட்டு எழுதுங்கள். திருப்பி அனுப்பும் கால அவகாசம் முடிவதற்குள் எழுதுவது நல்லது. அவகாசத்துக்குள் முழுக் கணினியையும் திருப்பித் தருவதும், அதற்குப் பிறகு உத்தரவாதத்தின்கீழ் பேனலை மட்டும் மாற்றுவதும் ஒன்றல்ல. பேனல் மாற்றத்தில் சேவை மையத்தின் கையிருப்பில் இருப்பதே கிடைக்கும். ஒப்புக்கொள்ளப்பட்ட பட்டியலில் உள்ள எதைப் பொருத்தினாலும் அவர்களைப் பொறுத்தவரை அது சரியான உதிரிப் பாகம். எனக்குத் தெரிந்த ஒருவர் நிறம் பிடிக்காமல் மாற்றிக் கேட்டு, நிறம் சரியானதோடு ஒளி மினுக்கும் பேனலைப் பெற்றுத் திரும்பினார். எனவே விண்ணப்பம் எழுதும் முன் இப்போதுள்ள பேனலின் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பேனா சோதனையையும் செய்துவிடுங்கள். உங்களுடையது மினுக்காமல், நண்பருடையது மினுக்கினால், நானாக இருந்தால் அந்த மஞ்சளை வைத்துக்கொள்வேன்.